ஒரு மேசை, நான்கு வேலை

எழுதுவது, பிறர் எழுதியதைச் செம்மைப்படுத்துவது, மொழி கற்பிப்பது, நூலகங்களில் தேடித் தகவல் திரட்டிக் கொடுப்பது ஆகிய நான்கையும், எந்த நிறுவனத்திலும் சேராமல் 26 ஆண்டுகளாகச் செய்துவரும் ஒருவரின் கட்டுரை சென்ற இதழில் வெளியானது. அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு அவரே இங்கே விடையளிக்கிறார். கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: தமிழில் முதுகலையும் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்று, ஏழு ஆண்டுகளாக ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மாலை வேளைகளில் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்பு, அதாவது அச்சுப்பிழை, பார்த்துக் கொடுக்கிறேன். பள்ளி வேலையை விட்டுவிட்டு, எழுத்தையும் பதிப்பு வேலையையும் மட்டுமே நம்பி வாழ முடியுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கேள்வியில் இருக்கும் 'மட்டுமே' என்ற சொல்லை எடுத்துவிட்டால் முடியும் என்று தயங்காமல் சொல்வேன்.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். சீவக சிந்தாமணியை அவர் அச்சில் கொண்டுவந்தது 1887இல். இடையில் கழிந்த ஆண்டுகளில் வீட்டு உலை கொதித்தது சம்பளத்தால். அச்சுச் செலவுக்கோ, நூல் வெளிவருவதற்கு முன்பே, அதை வாங்கிக்கொள்வதாகப் பெயர் பதியும் கையொப்பக்காரர்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது. அதே ஊரில் வழக்கறிஞராக இருந்த சி.வை. தாமோதரம் பிள்ளையின் வாழ்க்கை இன்னும் பல கிளைகளாகப் பிரிந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவராக 1857இல் தேறி, பத்திரிகை நடத்தி, கற்பித்து, கணக்குத் துறையில் பணியாற்றி, சட்டம் படித்து, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தவர் அவர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தது இவற்றுக்கு நடுவில்தான். 'ஒரு வேலையிலும் நிலைக்காதவர்' என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், அந்த வேலைகள் எல்லாம் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன என்பதை அவர் கவனிக்கவில்லை என்றுதான் பொருள்.

இந்த நான்கு வேலைகளிலும் பணம் வரும் விதம் ஒன்றுபோல் இல்லை. கட்டுரையும் கதையும் பெயரைக் கொண்டுவரும்; அரிசியைக் கொண்டுவருவது அரிது. செம்மையாக்கம் நல்ல தொகை தரும், ஆனால் வேலை முடிந்து, புத்தகம் அச்சேறி, பல சமயம் புத்தகக் காட்சியும் முடிந்த பிறகு. ஆய்வு உதவிக்கான பணம் மழை மாதிரி, பெய்தால் பெய்தது. மாதந்தோறும் தேதி தவறாமல் வருவது கற்பித்தலின் ஊதியம் ஒன்றே. ஆகவே நீங்கள் விட வேண்டியது பள்ளியாக இருக்கலாம், கற்பித்தலை விட்டுவிடாதீர்கள். வாரத்துக்குப் பத்து மணி நேர வகுப்பு கையில் இருக்கும்போது, குறைந்த கூலிக்கு வரும் கையெழுத்துப்படியை மறுக்கும் துணிவு தானாக வரும்.

விலகும் முன் ஓராண்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, மாலை நேரத்தில் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள், எவ்வளவு பேசினார்கள், எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த வருமானம் பள்ளிச் சம்பளத்தில் பாதியையாவது தொட்டு, ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணமும் வங்கியில் சேர்ந்த பிறகு, கல்வியாண்டு முடியும்போது விலகுங்கள். விலகும் மாதத்திலேயே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். பத்திரிகை, மொழிபெயர்ப்பு, திரைப்பட வசனம் என்று ஓயாமல் எழுதிய புதுமைப்பித்தன் காசநோயால் 1948இல் இறந்தபோது அவருக்கு வயது 42. அந்தக் காலத்து நோய், அந்தக் காலத்து வறுமை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் காய்ச்சலில் படுத்தால் அந்த மாதம் வருமானம் நின்றுபோகும் என்ற நிலைமை நம் தொழிலில் இன்றும் மாறவில்லை.

கேள்வி: மெய்ப்புப் பார்ப்பதும் செம்மையாக்கமும் ஒன்றுதானா? ஒரு புத்தகத்துக்கு எவ்வளவு கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று சொன்னால் முடிவில் எனக்கே நட்டமாகிறது.
— வாசகர், திருச்சி

பதில்: ஒன்றல்ல. மெய்ப்புப் பார்ப்பவர் மூலத்துக்கும் அச்சுக்கும் இடையில் நிற்கிறார். செம்மையாக்குபவர் எழுதியவருக்கும் படிக்கப்போகிறவருக்கும் இடையில் நிற்கிறார். 'தந்த பலகை' என்பதற்கும் 'தந்தப் பலகை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதலாமவர் கவனித்தால் போதும். அந்தப் பலகையை இருபதாம் பக்கத்தில் தாத்தா தந்ததாகவும் தொண்ணூறாம் பக்கத்தில் மாமா தந்ததாகவும் ஆசிரியர் எழுதியிருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் இரண்டாமவர். தமிழ்ப் பதிப்புலகில் பலரும் முதல் வேலைக்கான கூலியைக் கொடுத்து இரண்டாவது வேலையையும் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் நட்டம் தொடங்கும் இடம் அதுவே.

பழைய கோப்புகள் வேறு ஒரு தொல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான நூல்களை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும். 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் கணினியில் 'ஔவையார்' என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. இப்படிப்பட்ட கோப்பு வந்தால், வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே அதைத் தனி வேலையாகக் குறிப்பிட்டுத் தனிக் கட்டணம் கேளுங்கள்.

விலை சொல்வதற்கு நான் கைக்கொள்ளும் முறை இது. 'பக்கம்' என்பதை 250 சொல் என்று வரையறுத்துவிடுவேன்; இல்லையென்றால், நெருக்கி அடித்த எழுத்தில் நாற்பது பக்கம் என்று சொல்லி நூறு பக்கத்தைத் தந்துவிடுவார்கள். பிறகு நூலின் நடுவிலிருந்து பத்துப் பக்கத்தை எடுத்துத் திருத்திப் பார்ப்பேன். முதல் பத்துப் பக்கத்தை எடுக்கக் கூடாது, ஏனென்றால் அதை ஆசிரியர் பலமுறை திருத்தியிருப்பார். அந்தப் பத்துப் பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 240 பக்க நூலுக்கு 48 மணி நேரம். இரண்டாம் முறை படிக்க அதில் பாதி, 24. ஆசிரியரோடு பேசித் தெளிவதற்கும் அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பதற்கும் ஒரு எட்டு. ஆக 80 மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய் மதிப்பு என்றால் 24,000 ரூபாய் கேட்க வேண்டும். பதிப்பாளர் பத்தாயிரம்தான் என்றால், உங்கள் மணி நேரத்தின் விலை 125 ரூபாய் ஆகிறது என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். ஒருமுறை மட்டும் படித்துத் தருகிறேன் என்று வேலையைக் குறைக்கலாம், அல்லது மறுக்கலாம். கணக்குத் தெரிந்து குறைத்துக்கொள்வது பெருந்தன்மை. தெரியாமல் குறைத்துக்கொண்டால் அது வெறும் நட்டம்.

மொத்தத் தொகையைக் கேட்டு மயங்கியவர்கள் வரிசையில் பெரிய பெயர்களும் உண்டு. இங்கிலாந்தில் சாமுவேல் ஜான்சன், பள்ளி நடத்தி அது படுத்துப்போக, பத்திரிகைக்கு நாடாளுமன்ற விவாதங்களை எழுதிப் பிழைத்து, 1746இல் ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுக்க 1,500 கினிக்கு (அந்நாளைய ஆங்கிலத் தங்க நாணயம்) ஒப்பந்தம் செய்துகொண்டார். மூன்று ஆண்டில் முடியும் என்று நினைத்தார். அகராதி வந்தது 1755இல். உதவியாளர் ஆறு பேருக்கான கூலியும் அதே தொகையிலிருந்துதான். அகராதி வெளியான மறு ஆண்டு, ஆறு பவுண்டுக்கும் குறைவான கடனுக்காக அவரைப் பிடித்துவைத்தார்கள். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார். எழுத்து, பதிப்பு, கற்பித்தல், ஆய்வு ஆகிய நான்கையும் செய்த அந்த மனிதருக்குப் பணக்கவலை தீர்ந்தது, 1762இல் அரசு ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியம் கொடுத்த பிறகே.

செம்மையாக்கத்தில் ஒரு பிழையை நானும் செய்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில், கரிசல் வட்டாரத்து நாவல் ஒன்றில் 'வெள்ளாமை' என்று வந்த இடங்களையெல்லாம் 'வேளாண்மை' என்று திருத்திவைத்தேன். ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "எங்க ஊர்ல வெள்ளாமைதான் வெளையும் தம்பி, வேளாண்மை காலேஜ்லதான் இருக்கு" என்றார். அன்று முதல், ஐயம் தோன்றினால் ஓரத்தில் கேள்வியாக எழுதுகிறேனே தவிர, கை வைப்பதில்லை.

கேள்வி: எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலை மொழிபெயர்த்துக் கொடுத்து, ஒரே தொகையாகப் பணம் பெற்றேன். இப்போது அது மூன்றாம் பதிப்பு கண்டிருக்கிறது. எனக்குத் தகவலும் இல்லை, பணமும் இல்லை. உள்ளே என் பெயரையும் காணோம். கேட்டால், 'அப்போதே பணம் கொடுத்தாகிவிட்டதே' என்கிறார்கள். எனக்கு உரிமை உண்டா?
— வாசகி, சேலம்

பதில்: என்ன தாளில் கையெழுத்திட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. எதிலும் கையெழுத்திடவில்லை என்றால் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட வலுவானது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே என்கிறது. மூல நூலாசிரியரின் அனுமதியோடு செய்யப்பட்ட மொழிபெயர்ப்பும் தனிப் படைப்புதான். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் தம் பணியின் பகுதியாக எழுதினால் உரிமை பொதுவாக நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் சம்பளக்காரர் அல்லர். 'எழுதித் தாருங்கள்' என்று கேட்டுப் பணம் கொடுத்த காரணத்தாலேயே உங்கள் எழுத்தின் உரிமை கைமாறிவிடாது. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், உங்கள் கையொப்பத்தோடு நடந்திருக்க வேண்டும் என்பது 19ஆம் பிரிவு. அப்படி மாற்றிக்கொடுத்த தாளில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் அதே பிரிவு கொள்கிறது. எட்டு ஆண்டு கழித்து வந்த மூன்றாம் பதிப்பைப் பற்றி நீங்கள் கேட்பதால், இந்த ஐந்து ஆண்டு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் விடுபட்டது வேறு விஷயம். உரிமை முழுவதையும் விற்றுவிட்டால்கூட, 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தம் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் படைத்தவரிடமே இருக்கும் என்பது 57ஆம் பிரிவு. அன்று கொடுத்த பணம் இதற்கு விலையாகாது.

முதலில் வழக்கறிஞரிடம் ஓடாதீர்கள். அன்றைய கடிதங்கள், மின்னஞ்சல்கள், பணம் வந்த வங்கிப் பதிவு, முதல் பதிப்பின் உரிமைப் பக்கம் ஆகியவற்றைத் திரட்டி, அவற்றைக் குறிப்பிட்டு அமைதியான ஒரு கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். அடுத்த அச்சில் பெயர் இடம்பெற வேண்டும், இந்தப் பதிப்புக்கு இவ்வளவு விழுக்காடு தர வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். பல பதிப்பாளர்கள் தீய எண்ணத்தால் அல்லாமல் வழக்கத்தால் இப்படி நடந்துகொள்கிறவர்கள். கடிதம் வந்ததும் பேச வருவார்கள். வராவிட்டால் அதே கோப்போடு வழக்கறிஞரைப் பார்க்கலாம்.

இனி ஒப்புக்கொள்ளும் வேலைகளுக்கு, எத்தனை பதிப்புக்கு, எத்தனை ஆண்டுக்கு, அச்சுக்கு மட்டுமா ஒலிநூலுக்கும் மின்னூலுக்குமா, பெயர் எங்கே வரும் என்ற நான்கையும் ஒரு மின்னஞ்சலில் எழுதி, 'இவ்வாறே ஒப்புக்கொள்கிறோம்' என்று ஒரு வரி பதில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். என்ன பேசினீர்கள் என்பதற்கு அது சாட்சியாக இருக்கும்.

கேள்வி: வேலை முடித்துக் கொடுத்து எட்டு மாதமாகியும் பணம் வரவில்லை. எப்படிக் கேட்பது?
— வாசகர், ஈரோடு

பதில்: கூச்சப்படாமல், மாதம் ஒருமுறை, எழுத்தில். எனக்கு ஒரு பதிப்பகம் பதினான்கு மாதத்துக்குப் பிறகு பாதிப் பணத்தையும் மீதிக்குப் புத்தகக் கட்டு ஒன்றையும் அனுப்பியது. அந்தக் கட்டில் நான் திருத்திய நூலே பதினெட்டுப் பிரதி இருந்தது. அன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வராமல் கோப்பைத் திறப்பதில்லை.

பலருக்குத் தெரியாத வழி ஒன்றும் உண்டு. மத்திய அரசின் உத்யம் பதிவில் உங்கள் சேவையைக் குறுந்தொழிலாகப் பதிந்துகொண்டால், சிறு, குறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். வேலையைப் பெற்றுக்கொண்ட நிறுவனம் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மும்மடங்குக்குக் கூட்டு வட்டி. நான் இதை ஒருமுறைகூட வழக்காக்கியதில்லை, விலைப்பட்டியலின் அடியில் பதிவு எண்ணை அச்சிட்டிருக்கிறேன், அவ்வளவே. அதற்கே ஓரளவு பயன் இருக்கிறது. ஆனால் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். பணம் நின்ற பிறகு பதிந்து பயனில்லை.

கேள்வி: முனைவர் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரி வேலை கிடைக்கவில்லை. எந்த நிறுவனத்தையும் சாராமல் ஆய்வு செய்ய முடியுமா? யார் பணம் கொடுப்பார்கள்?
— வாசகர், மதுரை

பதில்: இரண்டு கேள்விக்கும் விடை வேறு வேறு. ஆய்வு செய்ய முடியும். உங்கள் சொந்த ஆய்வுக்கு அநேகமாக யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். பிறருடைய ஆய்வுக்கு நீங்கள் தேடிக்கொடுப்பதற்குக் கொடுப்பார்கள், அதில் வரும் பணத்தையும் பழக்கத்தையும் கொண்டு சொந்த ஆய்வைச் செய்யலாம்.

நூலகங்கள் பட்டம் பார்த்துக் கதவடைப்பதில்லை. உங்கள் ஊரிலேயே 1901இல் பாண்டித்துரைத் தேவர் தோற்றுவித்த தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அது நடத்திய 'செந்தமிழ்' இதழின் பழைய தொகுதிகளே ஓர் ஆண்டுப் படிப்பு. சென்னைக்கு வந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றை அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, கடல் கடத்தாமல் இங்கேயே நிறுவிய நூலகம் அது. எழும்பூரில் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும் உண்டு. வீட்டிலிருந்தே பார்ப்பதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. எங்கே போனாலும் அட்டவணையை மட்டும் நம்பாமல், அங்கே முப்பது ஆண்டு பணியாற்றும் நூலக உதவியாளரிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, என்ன தேடுகிறீர்கள் என்பதை விளக்கிச் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்த அரிய நூல்களில் பாதி அப்படிக் கிடைத்தவை.

யார் பணம் கொடுக்கிறார்கள் என்றால், ஆவணப்படம் எடுப்பவர்கள், நூற்றாண்டு விழா மலர் போடும் பள்ளிகள், தம் குடும்ப வரலாற்றை எழுத விரும்பும் பெரியவர்கள், 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுநூல்களைப் படித்துச் சொல்ல ஆள் தேடும் வெளிநாட்டு ஆய்வாளர்கள். இவர்கள் விலைக்கு வாங்குவது உங்கள் பட்டத்தை அன்று, ஒரு தேதியைச் சரியாகச் சொல்லும் திறமையை. பழைய நூலில் 'தாது வருஷம் மாசி மாதம்' என்று இருக்கிறது. தாது வருஷம் என்றால் 1876, பெரும் பஞ்சம் தொடங்கிய ஆண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வருஷம் 1876 ஏப்ரல் நடுவில் பிறந்து 1877 ஏப்ரல் நடுவில் முடிகிறது. ஆகவே அதன் மாசி மாதம் 1877 பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. இந்த ஓராண்டுப் பிசகு எத்தனை ஆய்வேடுகளில் இருக்கிறது என்று பார்த்தீர்களானால் வியப்பீர்கள். இதைப் பிடிப்பவருக்கு அடுத்த வேலையும் வரும்.

சொந்த ஆய்வுக்கு வாரத்தில் ஒரு நாளைப் பூட்டிவையுங்கள். எனக்கு வியாழக்கிழமை. அந்த நாளில் செய்வதற்குக் காசு வராது, ஆனால் அங்கே படித்ததிலிருந்துதான் என் கட்டுரைகள் பிறக்கின்றன, அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள்தான் நூலைத் திருத்தத் தருகிறார்கள், வகுப்பில் சொல்வதற்கும் அதுவே கையிருப்பு. நான்கு வேலை என்று நாம் எண்ணுவது உண்மையில் ஒரே படிப்பை நான்கு வாசல் வழியாக விற்பது. அதனால், வெவ்வேறு துறைகளில் கைவைத்து அலையாமல், உங்கள் முனைவர் பட்டப் பொருளைச் சுற்றியே நான்கு வேலையையும் தேடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் உள்ள தமிழ்க் குழந்தைகளுக்கு இணையவழியில் தமிழ் கற்பிக்க விரும்புகிறேன். கவனிக்க வேண்டியவை என்ன?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நேரத்தை முதலில் கவனியுங்கள். கோடையில் நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மாலை ஆறரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் அது ஏழரை ஆகிவிடும். எந்த ஊர் நேரப்படி வகுப்பு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் வாங்கிவிடுங்கள், குழந்தை விடுமுறை எடுத்தால் என்ன என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

கற்பிப்பதில் ஒன்று. அந்தக் குழந்தையின் பாட்டி தொலைபேசியில் 'வந்துட்டாங்களா' என்கிறார். நம் பாடநூலோ 'வந்துவிட்டார்களா' என்கிறது. இரண்டில் ஒன்று தவறு என்று குழந்தை நினைத்துவிட்டால் பாட்டியோடு பேசுவதையோ, புத்தகத்தையோ விட்டுவிடும். ஆகவே காதுக்குப் பேச்சுத் தமிழும் கண்ணுக்கு எழுத்துத் தமிழுமாக முதல் நாளிலிருந்தே இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ணகர, னகர, நகர வேறுபாட்டை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வரி பற்றிச் சொல்லுங்கள்.
— வாசகர், வேலூர்

பதில்: நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் பத்து விழுக்காடு பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது வழக்கம். அந்தப் பணம் தொலைந்துபோகவில்லை. உங்கள் நிரந்தரக் கணக்கு எண்ணில் (பான்) வரவாகி இருக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் மிகுதி திரும்பி வரும். நம்மில் பலர் 'வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையே' என்று தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறோம். நானும் முதல் நான்கு ஆண்டு அப்படித்தான் விட்டேன். சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது. அதைத் தாண்டிய மொழிபெயர்ப்பாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கேள்வி: இயந்திரமே மொழிபெயர்க்கும் காலத்தில் இந்தத் தொழில் நிலைக்குமா? இயந்திரம் மொழிபெயர்த்ததைத் 'திருத்தித் தந்தால் போதும்' என்று கால் பங்குக் கூலி பேசுகிறார்கள்.
— வாசகர், சென்னை

பதில்: அறிவிப்புகள், பயன்பாட்டுக் குறிப்புகள், படிவங்கள் ஆகியவற்றின் மொழிபெயர்ப்பில் கூலி குறைந்திருப்பது உண்மை, அது திரும்பி வரும் என்று ஆறுதல் சொல்ல மாட்டேன். நூல்களில் நிலைமை வேறு. அண்மையில் என்னிடம் வந்த ஒரு வரைவில், மேலே சொன்ன தாது வருஷம் 'கனிம ஆண்டு' என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் போயிருந்தது. வாக்கியம் இலக்கணச் சுத்தமாக ஓடியதால் மூலத்தை ஒப்பிடாமல் படிப்பவருக்கு ஐயமே எழாது. மனிதர் செய்யும் பிழை தடுமாறும். அதனால் கண்ணில் படும். இந்தப் பிழை சறுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்குப் புதிதாக மொழிபெயர்க்கும் நேரத்தில் முக்கால் பங்காவது எனக்கு ஆகிறது. மேலே திருச்சி வாசகருக்குச் சொன்ன பத்துப் பக்கச் சோதனையைச் செய்து, ஆகும் நேரத்துக்குக் கூலி கேளுங்கள். கால் பங்கு என்பது அவர்கள் எதிர்பார்ப்பு, உங்கள் கணக்கு அன்று.

கேள்வி: 'மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார்?' என்று பெண் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது?
— வாசகர், விருதுநகர்

பதில்: வேலூர் வாசகருக்கான பதிலைப் பின்பற்றி மூன்று ஆண்டு வரிக் கணக்கைக் காட்டுங்கள். வங்கிக் கடன் அதிகாரிக்கும் அதையே காட்ட வேண்டியிருக்கும், பெண் வீட்டார் அவரைவிட இரக்கமுள்ளவர்கள்.

கேள்வி: வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. இந்தத் துறையில் நுழைய எனக்கும் இடம் இருக்கிறதா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்களுக்கென்றே காலியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழில் வெளிவரும் வரலாற்று நூல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் பெயரடைவும் பொருளடைவும் இல்லை. நானூறு பக்க நூலில் ஓர் ஊர்ப் பெயரைத் தேட வேண்டுமானால் நானூறு பக்கத்தையும் புரட்ட வேண்டும். இதைச் செய்வதற்கு வேகம் தேவையில்லை. திருவிதாங்கோடும் திருவிதாங்கூரும் ஒரே தலைப்பின் கீழ் வருமா, தனித்தனியாக வருமா என்று யோசிக்கும் அறிவு தேவை. அது உங்களிடம் இருக்கிறது. ஓய்வூதியம் வருவதால் பணத்துக்கு அவசரப்பட வேண்டியதும் இல்லை.

உங்கள் அலமாரியில் அடைவு இல்லாத நல்ல நூல் ஒன்றை எடுத்து, கணினியின் விரிதாளில் பெயரை ஒரு பத்தியிலும் பக்க எண்ணை அடுத்த பத்தியிலும் இட்டு, முழு நூலுக்கும் அடைவு தயாரித்துப் பாருங்கள். எத்தனை நாள் ஆனது என்று குறித்துவைத்து, அதில் நான்கு பக்கத்தை அச்செடுத்து, அந்த நூலை வெளியிட்ட பதிப்பகத்துக்கே, 'அடுத்த பதிப்புக்குப் பயன்படும்' என்ற ஒரு வரிக் கடிதத்தோடு அனுப்புங்கள். முழுவதையும் அனுப்பிவிடாதீர்கள்.